500 வெள்ளியில் ஓர் அலமாரி

ஜொகூரின் மாசாயிலோ கூலாயிலோ ஒரு தாமானுக்குப் போங்கள். கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் ஓர் இரும்பு அலமாரி இருக்கும். திறந்தால் திருக்குறள் உரைகள் ஏழெட்டு, யாரோ வீடு மாறும்போது தந்துவிட்டுப் போன வார இதழ்கள், 2021இல் நிறுத்தப்பட்ட யூபிஎஸ்ஆர் தேர்வுக்கான பயிற்சி நூல்கள். படிவம் 5 படிக்கும் ஒரு பெண் அதைத் திறப்பதை நான் பார்த்திருக்கிறேன். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை விரலால் ஒரு கோடு இழுத்தாள். எதையும் உருவவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டாள்.

ஜொகூரில் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆறாம் ஆண்டுவரை தமிழில் படித்த பிள்ளைகள் அதன்பின் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் ஒரு பாடமாக நடக்கும். பாடம் நடந்தாலும் பள்ளி வள மையத்தில் தமிழுக்கென ஓர் அடுக்கு அமைவது அரிது. பதினாறு முதல் பத்தொன்பது வயதுவரை அவர்கள் கைக்குத் தமிழ் நூல் வருவதென்றால் அது பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் வரவேண்டும்.

ஒரு வாசகர் குழுவிடம் 500 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதை விலை கொடுத்து வாங்குவது, எதை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வது? என் பதில் இது: இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு செலவிடாதீர்கள். அந்தக் காசு மலேசியத் தமிழ் நூல்களுக்குப் போகட்டும்.

முதலில் இலவசமாகக் கிடைப்பவற்றைப் பார்ப்போம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் பாரதி, கல்கி, புதுமைப்பித்தன் வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை வைத்திருக்கிறது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளம். இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் தளம் இருக்கிறது. இன்று எழுதுகிறவர்கள் தாங்களே உரிமம் தந்து பொதுவில் விட்ட மின்னூல்களை ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் வெளியிடுகிறது. ஆகவே ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் அட்டைப்பெட்டியோடு வாங்கி அலமாரியை நிரப்புவதை, கையில் 500 வெள்ளிதான் உள்ளபோது, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் இலவசம் என்பதாலேயே அதைப் படித்துவிடுவார்கள் என்று நினைக்கக்கூடாது. மின்னூலில் இரண்டு வகை உண்டு, இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒன்று, பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்த பிடிஎஃப். மற்றது, எழுத்தாகவே உள்ள கோப்பு. படம்பிடித்த பக்கம் கைப்பேசித் திரையில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். இரண்டு விரலால் பெரிதாக்கினால் வரியின் கடைசிச் சொற்கள் திரைக்கு வெளியே போய்விடும். இடமும் வலமும் தள்ளித் தள்ளி மூன்றாம் பக்கத்திலேயே பிள்ளை அலுத்துவிடுவாள். ஆறாம் படிவத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவனுக்கு அதே படக்கோப்பு பொக்கிஷம். அவனுக்கு வேண்டியது ஒரு மேற்கோள், ஒரு பக்க எண். நாவல் படிக்க அது ஆகாது. நாவலுக்கு இபப் கோப்பைத் தேடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரியும் தானாக மடங்கிக்கொள்ளும். பரிந்துரைக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம்: வீட்டுக் கணினியில் பார்த்து முடிவு செய்யாமல், அந்தப் பிள்ளையின் கைப்பேசியிலேயே திறந்து நீங்கள் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். உங்களால் முடியாததை அவளிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சிறுகதைக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. மதுரைத் திட்டத்தின் கோப்புகளை, அதன் முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் தாராளமாகப் பகிரலாம். புதுமைப்பித்தன் கதை ஒன்றை அச்செடுத்து, நான்கைந்து தாளைத் தைத்து அலமாரியில் வையுங்கள். முந்நூறு பக்கப் புத்தகத்தைத் தொடத் தயங்கும் பையன் நான்கு தாளை எடுப்பான்.

இனி காசு கொடுத்து வாங்க வேண்டியவை. மலேசியத் தமிழ் நூல்கள் குறைந்த படிகளே அச்சாகின்றன. பல நூல்களை எழுத்தாளரே தம் கைக்காசில் அச்சிடுகிறார். தீர்ந்துவிட்டால் மறுபதிப்பு வருமென்ற உறுதியில்லை, பெரும்பாலானவற்றுக்கு மின்னூலும் இல்லை. தங்காக்கில் வாழ்ந்த மா. இராமையா ‘மூங்கிற் பாலம்’ என்ற நாவலையும் மலேசியத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றையும் எழுதினார். ஜொகூரில் பிறந்து வளர்ந்த எத்தனை பிள்ளைகள் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்? தம் மாநிலத்திலேயே ஓர் எழுத்தாளர் இருந்தார் என்பது தெரியாமல் ஒரு தலைமுறை வளர்வது எனக்கு வலிக்கிறது.

ஒற்றை ஒற்றை நூலாக வாங்காமல் ஒரு பொருளைச் சுற்றிக் கொத்தாக வாங்குங்கள். சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளலாம். 1942–43இல் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ மூன்றும் அந்தத் துயரத்தைச் சொல்லும் நாவல்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே நிகழ்வை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்ப்பதைப் பதினேழு வயதுப் பிள்ளை தானே கண்டுகொள்வாள். அவள் வரலாற்றுப் பாடநூலில் சில வரிகளில் கடந்துபோகும் காலம் அது. வீட்டில் பாட்டி யாராவது இருந்தால் அங்கே ஒரு கேள்வியும் பிறக்கும். அடுத்த கொத்தாகத் தோட்ட வாழ்க்கையை வைக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்து எழுதிய அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலை, இங்கேயே பிறந்தவர்கள் எழுதியவற்றோடு சேர்த்து வையுங்கள். நகரத்துப் படித்த குடும்பங்களைப் பற்றி வேண்டுமானால் ரெ. கார்த்திகேசுவின் நூல்கள் இருக்கின்றன.

வயதுக்கு ஏற்றதா என்ற கேள்வி இங்கே கட்டாயம் எழும். ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் தடை செய்தது. 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி தடைசெய்த நூலைத் தக்க காரணமின்றி வைத்திருப்பதே குற்றம். ஆகவே பொது அலமாரியில் அடுக்கும் முன் தடைப்பட்டியலைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. அதைத் தாண்டி, சாதி, குடி, காமம், சாவு என்று வருகிற நூலையெல்லாம் ஒதுக்கினால் மிஞ்சுவது சிறுவர் கதைதான். அடுத்த ஆண்டு வாக்களிக்கப் போகிறவர்களுக்கு அதைக் கொடுத்தால் சிரிப்பார்கள். பெற்றோர் ஒருவர் மறுப்புச் சொன்னால் வாதாட வேண்டாம். புத்தகத்தை அவரிடமே கொடுத்து, முழுதும் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். எந்த நூலை யார், ஏன் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தால் அப்போது கைகொடுக்கும்.

அரசு தரும் வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடநூல்கள் உள்ளன. பள்ளி தரும் மின்னஞ்சல் முகவரியால் நுழையலாம். தேசிய நூலகத்தின் யு-புஸ்தாக்காவில் மலாய், ஆங்கில மின்னூல்களே மிகுதி, எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்குப் பயன்படும், தமிழுக்கு நம்பிப் போகவேண்டாம். ஜொகூர் பாரு லார்க்கினில் உள்ள சுல்தான் இஸ்மாயில் நூலகம் உட்கார்ந்து படிக்க நல்ல இடம். தமிழ் நூல் வேண்டுமென்று அங்கேயும் மாநில நூலகத்திலும் எழுத்து வடிவில் கேளுங்கள். கேட்காத மொழிக்கு யாரும் வாங்கமாட்டார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் உட்லண்ட்ஸ் வட்டார நூலகம். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி என்பதால் பொது நூலகங்களில் தமிழ் அடுக்குகள் உண்டு. நம்மவர் இரவல் பெறுவதற்கான விதிகளை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே அமர்ந்து படிக்க எதுவும் கட்டவேண்டாம். பள்ளி விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளை அழைத்துப்போனால், தமிழ் நூலகம் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்ப்பார்கள்.

புலனக் குழுக்களில் சுற்றும் திருட்டு பிடிஎஃப்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். சொந்தக் காசில் அச்சிட்ட உள்ளூர் எழுத்தாளருக்கு அது நேரடி நட்டம்.

என் கணக்கு இதுதான். மலேசிய நூல்களுக்கு 350 வெள்ளி. மிஞ்சும் தொகையில் பெரும்பகுதியைக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிக்கு ஒதுக்குங்கள். அலமாரிக்குள் வைக்காமல் மேசைமேல் திறந்தே வையுங்கள். மீதி அச்செடுக்கவும் அட்டை ஒட்டவும். தேர்வுப் பயிற்சி நூல் ஒன்றுகூட வேண்டாம், அதை வீட்டிலேயே வாங்கித் தருகிறார்கள். வாங்கப் போகும்போது படிவம் 4, 5 பிள்ளைகள் இருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு நூல்களாவது அவர்கள் கை எடுத்ததாக இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவோ தாத்தாவோ வாங்கிய மலேசியத் தமிழ் நூல் ஏதாவது இருக்கக்கூடும். பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போடும் முன், பக்கத்தில் உள்ள ஓர் அலமாரிக்கு அதைக் கொண்டுவந்து கொடுங்கள்.