வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர்: கவனிக்க வேண்டியவை

பிளவக்கல் அணை அடிவாரத்தில் ஒரு வீட்டில் நோயாளிக்கு ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கிறது. சிலிண்டர் தீர்ந்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ போய் மாற்றி வர வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? கணக்கு சுலபம்தான்.

வீட்டுக்கு வரும் 'பி' வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். நிரம்பிய சிலிண்டரில் அழுத்தமானி ஏறக்குறைய 150 காட்டும். முள் 50-க்கு வந்துவிட்டால் மிச்சம் நாலு மணி நேரம்தான். அதுவரை காத்திருக்காமல், முள் 75-ல் இருக்கும்போதே அடுத்த சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

"வெல்டிங் பட்டறை சிலிண்டரும் ஆக்சிஜன்தானே?" என்று சிலர் கேட்பார்கள். 2021-இல் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்தே மருத்துவமனைகளுக்குத் திரவ ஆக்சிஜன் வந்ததே என்பார்கள். அது ஆலையிலேயே சோதித்து அனுப்பப்பட்டது. பட்டறை சிலிண்டருக்குள் என்ன அழுக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நோயாளிக்கு அது வேண்டவே வேண்டாம். மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரின் உடல் கறுப்பு, தோள்பகுதி வெள்ளை. முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது தொழிற்சாலை ஆக்சிஜன். நிறத்தோடு லேபிளையும், சிலிண்டரில் பொறித்த சோதனைத் தேதியையும் பாருங்கள்.

ஆக்சிஜன் தானாக எரியாது; ஆனால் எரிவதை வேகமாக எரிய வைக்கும். ஆகவே:

• வால்வு இறுகிவிட்டால் எண்ணெய், கிரீஸ் போடாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் அதுவே தீப்பிடிக்கும். எண்ணெய்க் கையோடும் தொடாதீர்கள்.
• அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, பீடி எல்லாம் பத்தடிக்கு அப்பால் இருக்கட்டும்.
• வால்வை மெதுவாகத் திறங்கள். பயன்படுத்தாதபோது மூடிவிடுங்கள். கசியும் ஆக்சிஜன் மெத்தையிலும் துணியிலும் தங்கிவிடும்.
• சிலிண்டரை நிமிர்த்தி, சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள். விழுந்து வால்வு உடைந்தால் சிலிண்டர் ராக்கெட் மாதிரி பாயும்.
• மூச்சு திணறுகிறதே என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு அதிக ஆக்சிஜனே ஆபத்து. மருத்துவர் எழுதிய அளவுதான்.

மூச்சுத்திணறல் அதிகமானால் 108, தீ என்றால் 101, மருத்துவ ஆலோசனைக்கு 104. மூன்று எண்களையும் இப்போதே சேமித்துவிடுங்கள்.