தேதியைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

டிப்போ யூனியனுக்கு உன்னைச் செயலாளராக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ராணுவத்தில் சீருடை இல்லாமல் உழைக்கிற நம்மவர்களின் குறைகளை இனி நீதான் சுமக்கப்போகிறாய். முப்பது வருடம் சுமந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

சிப்பாய்க்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு. நமக்கு அங்கே இடமில்லை. மற்ற மத்திய அரசு ஊழியருக்கு அரசியல் சாசனத்தின் 311ஆம் பிரிவு தரும் காப்பும் நமக்குக் கிடையாது என்று 1971இல் லேக் ராஜ் குரானா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் கையில் இருப்பவை 1965ஆம் வருட ஒழுங்கு நடவடிக்கை விதிகளும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமும்தான். அரசும் ஊழியர்களும் கலந்து பேசும் ஜே.சி.எம். கூட்டத்துக்குத் தனி ஆளின் தண்டனையைத் தூக்கிக்கொண்டு போகாதே. அங்கே பொதுப் பிரச்சினைகளை மட்டுமே பேசலாம்.

எங்கள் டிப்போவில் ஒருவருக்கு இன்கிரிமென்ட் வெட்டு விழுந்தது. நியாயம் முழுக்க அவர் பக்கம். மனு போட்டோம். அதிகாரி "பார்க்கிறேன்" என்றார். இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போனார். புதியவருக்குப் புதிய மனு, அவரும் அதையே சொன்னார். கடைசியில் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடி ஆனது. நினைவூட்டல் மனு எத்தனை போட்டாலும் காலக்கெடு நீளாது. அந்த மனுக்களையெல்லாம் எழுதிக்கொடுத்தவன் நான். அவர் ஓய்வு பெற்ற நாளில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தண்டனை உத்தரவு கைக்கு வந்தால் 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்துவிட வேண்டும். அதன்மீது இறுதி உத்தரவு போடப்பட்டால் அந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தீர்ப்பாயம். பதிலே வரவில்லையென்றால் ஆறு மாதம் பொறுத்து, அதற்கடுத்த ஓராண்டுக்குள். மனுவைக் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதே.

அதிகாரியை முதலில் நேரில் பார்த்துப் பேசு. பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும், இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் பேச்சு நடக்கும்போதும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். குறையோடு உன்னிடம் வந்தவர் செய்த தவறு ஏதும் இருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள். மறைத்தது விசாரணையில் வெளியே வந்தால் உன் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள்.

நாளைக் காலை யூனியன் அலமாரியைத் திற. ஒவ்வொரு கோப்பிலும் கடைசி உத்தரவு கைக்கு வந்த தேதியைப் பார். 45ஆம் நாள் நெருங்குகிற கோப்பை முதலில் எடு.

அன்புடன்,
உன் அண்ணன்