மூக்கடைத்தவர் மூக்கால் பேசுவதில்லை

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனில், 1980களிலிருந்து ஈழத்தமிழர் குடியேறி வேரூன்றிய அந்த நெருக்கமான அடுக்குமாடிப் பகுதியில், குளிர்காலம் வந்தால் மூக்கைப் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. தமிழகத்தார் சளி, ஜலதோஷம் என்று சொல்லும் தடிமன் பிடித்தவர் மூக்கால் பேசுகிறார் என்பதும், அவருக்கு நாக்குச் செத்துப்போயிற்று என்பதும், உடற்சூட்டினால்தான் மூக்கில் இரத்தம் வருகிறது என்பதும் வழிவழியாகக் கேட்டுப் பழகிய கூற்றுகளாதலால் அவற்றை எவரும் ஐயுறுவதில்லை; ஆயினும் மூன்றிலுமே பழி போய் விழும் இடம் தவறானது.

முதற்கூற்றின் பிழையைத் தமிழ் நெடுங்கணக்கே காட்டிவிடும். ங, ஞ, ண, ந, ம, ன என்னும் மெல்லின எழுத்துகள் பிறக்கும்போது, வாயின் மேற்கூரையின் பின்பகுதியாகிய மெல்லண்ணம் கீழிறங்கி மூச்சுக்காற்றை மூக்கின் வழியே விடுகிறது. மெல்லெழுத்துகளின் பிறப்பில் மூக்குக்காற்றுக்குள்ள பங்கைத் தொல்காப்பியப் பிறப்பியலே வகுத்துரைத்துள்ளது. மூக்கு அடைத்துக்கொண்டால் அக்காற்றுக்கு வழியில்லாமற் போவதால், மகரம் பகரத்தின் மெலிந்த ஒலியை நெருங்கி, 'அம்மா' என்பது 'அப்பா' போலவும் 'மாமா' என்பது 'பாபா' போலவும் காதில் விழுகின்றன. மூக்கால் பேசுவதாகச் சொல்லப்படுபவர் உண்மையில் மூக்கின் துணையே இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார். ஐயமுள்ளவர் இதழ்களை மூடி 'ம்' என்று நீட்டியவாறே மூக்குத்துளைகள் இரண்டையும் விரல்களால் பொத்திப் பார்க்கலாம்: ஒலி அக்கணமே நின்றுபோகும். வாய்வழியே வரவேண்டிய ஒலிகளின்போதும் காற்று மூக்கினுள் கசிவதே மெய்யாக மூக்கால் பேசுவதாகும். பிறவியிலேயே அண்ணம் பிளவுபட்டவர்களிடம் அது காணப்படும் என்பதையும், அவர்களுக்குத் தேவை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் என்பதையும் அறிந்தவர் அதைக் கேலிப்பொருளாக்க மாட்டார்.

இதனோடு ஒட்டியது, பிரெஞ்சு மொழியின் மூக்கொலி உயிர்கள் தமிழ் நாவுக்கு வராதவை என்னும் நம்பிக்கை. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தால் குடியேறியோரின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிகளிலேயே பயிலும் கியூபெக்கில், இந்நம்பிக்கை பெற்றோரை வீணாக அஞ்சவைக்கிறது. தமிழகப் பேச்சுவழக்கில் 'மரம்', 'அவன்' ஆகியவற்றின் ஈற்றுமெய் கரைந்து, முன்னுள்ள உயிரே மூக்கொலியாவதை அன்றாடம் கேட்கலாம். ஈழத்தமிழர் வழங்கும் 'பாண்' என்னும் சொல்லோ, போர்த்துக்கீசியரின் மூக்கொலி உயிர் கொண்ட சொல்லிலிருந்து வந்து, அவ்வொலியை ணகர மெய்யாக மாற்றிக்கொண்டது. வெதுப்பகத்தில் பிரெஞ்சு மொழியில் கேட்டு வாங்கும் ரொட்டியின் பெயருக்கும் யாழ்ப்பாணத்துப் பாணுக்கும் இலத்தீன் தாய்ச்சொல் ஒன்றே.

இரண்டாம் கூற்றில் நாக்கின்மேல் சாட்டப்படும் குற்றமும் மூக்கடைப்பினுடையதே. நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றையும், இறைச்சிச் சாற்றிலும் காளானிலும் தெரியும் உமாமி என்னும் சுவையையும் உணர்கிறது. காரம் என்பது எரிவுணர்வே. மற்றதெல்லாம் மணம். மெல்லும்போது எழும் மணத்துகள்கள் தொண்டையின் பின்வழியாக மேலேறி, மூக்கின் உச்சியிலுள்ள மணவுணர் படலத்தை அடைகின்றன. அப்படலத்தின் உணர்விகளுக்குரிய மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகியோர் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் அவ்வகை உணர்விகள் ஏறத்தாழ 400 உள்ளன. ஒரு சிட்டிகை வறுத்த சீரகத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு மென்றால் லேசான கசப்பும் உமி போன்ற உராய்வும் மட்டுமே தெரியும். விரலை எடுத்ததும் அது சீரகமாகிவிடும்.

மூன்றாவது கூற்றுத்தான் தீங்கு செய்ய வல்லது. வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக்கு இறங்கும் இரவில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1 கிராம் நீராவியையே தாங்கும்; அதே காற்று வீட்டினுள் 21 பாகைக்குச் சூடேறும்போது 18 கிராம் அளவுக்கு ஈரத்தை ஏற்கக்கூடியதாகி, கிடைத்த இடத்திலிருந்தெல்லாம், மூக்கின் உட்சவ்விலிருந்தும், அதை உறிஞ்சிக்கொள்கிறது. மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தட்டின் முன்பகுதியில் மெல்லிய இரத்தக்குழாய்கள் பின்னிக் கிடப்பதால், உலர்ந்து பொருக்கு வெடித்த சவ்வு அங்கேதான் கசிகிறது. சூடு இருப்பது உடலிலன்று, சுவரோரத்துச் சூடேற்றியில்.

இரத்தத்தைக் கண்டதும் பிள்ளையின் தலையை அண்ணாந்து பிடிக்கும் வழக்கத்தைக் கட்டாயம் கைவிட வேண்டும். அப்போது இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தியை வரவழைக்கும், நின்றதா இல்லையா என்பதையும் மறைத்துவிடும். நிமிர்ந்து உட்காரவைத்து, தலையைச் சற்றே முன்னால் சாய்த்து, மூக்கெலும்புக்குக் கீழுள்ள மென்பகுதியை இரு விரல்களால் அழுத்தி, இடையில் எடுத்துப் பார்க்காமல் 10 முதல் 15 நிமிடம் பிடித்திருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அரைமணி நேரம் கடந்தும் நிற்காவிட்டால் அல்லது இரத்தம் பெருகி வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்ளும் முதியவருக்கு மருத்துவ உதவியை இன்னும் முன்னதாகவே நாட வேண்டும். அவசரமில்லாத ஐயங்களைக் கியூபெக்கின் 811 எண்ணில் தாதியரிடம் கேட்கலாம்.