கூரை விளக்கு ஏன் எரியவில்லை?

நம் ஆரணியில் பிறந்தவர்களுக்குத் தறியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்துவிட்டால் நெசவாளர் தறியைக் குறை சொல்வதில்லை. அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சிட்டு, மேலே நெய்கிறார். மின்சுற்றில் பழுது பார்க்கும் முறையும் இதுவே என்பதை இவ்வாண்டு ஒரு பழைய அம்பாசிடர் கார் எங்களுக்குக் கற்பித்தது.

அந்தக் கார் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தாவுடையது. பட்டுச் சேலை வியாபாரம் செய்யும் அவர் 1978-இல் அதை வாங்கினார். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 வரை அம்பாசிடர் கார்கள் தயாராயின. இன்று அவை பழம்பொருளாகிவிட்டாலும் தாத்தாவுக்கு அது பழம்பொருள் அன்று. பிழைப்புக்கு உதவும் வண்டி.

சென்ற ஆண்டு வீட்டில் ஒரு கல்யாணத்தை முன்னிட்டு வண்டிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தார்கள். அதன்பின் கதவைத் திறந்தால் உள்ளே எரிய வேண்டிய கூரை விளக்கு எரியவில்லை. புதுப் பல்பு மாற்றியும் பயனில்லை. “போகட்டும், கையில் செல்போன் வெளிச்சம் இருக்கிறதே” என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் விடியுமுன் தாத்தா இரு கைகளிலும் சேலைக் கட்டுகளோடு இறங்கியபோது, சாக்கடை ஓரம் தெரியாமல் கால் இடறி விழுந்தார். நல்லவேளையாகக் கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. கை இரண்டும் நிறைந்திருக்கும்போது செல்போன் வெளிச்சத்தை யார் பிடிப்பது?

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் படித்துக்கொண்டிருந்த நாங்கள், எங்கள் அறிவியல் ஆசிரியையோடும், அனுபவமுள்ள ஒரு கார் எலக்ட்ரீஷியனோடும் ஒரு சனிக்கிழமை அந்த வண்டியைப் பார்க்கச் சென்றோம்.

மின்சாரம் போகும் வழி

முதலில் ஆசிரியை எங்களைப் படம் வரையச் சொன்னார். வீட்டு விளக்குக்கு இரண்டு வயர்கள் வருகின்றன. காரிலோ பெரும்பாலும் ஒரு வயரே விளக்குக்கு மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. திரும்பும் வழியாக வண்டியின் இரும்பு உடம்பே பயன்படுகிறது. பேட்டரியின் ஒரு முனை அந்த உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்கிறார்கள்.

கூரை விளக்குக்கான வழி இது: பேட்டரி, பியூஸ், விளக்கு, கதவு ஸ்விட்ச், வண்டியின் உடம்பு, மீண்டும் பேட்டரி. இங்கே ஸ்விட்ச் விளக்குக்குப் பின்னால், திரும்பும் வழியில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கதவு நிலையில் சிறு பொத்தான் போல அது நீட்டிக்கொண்டிருக்கும். கதவை மூடினால் பொத்தான் அழுந்தித் தொடர்பு விடுபடும். திறந்தால் ஸ்பிரிங் அதை வெளியே தள்ள, வயர் வண்டியின் உடம்போடு சேர்ந்து விளக்கு எரியும்.

வரிசையாகத் தேடினோம்

முதலில் பல்பு. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தோம். இழை அறாமல் இருந்தது. அதைப் பிடித்திருக்கும் இரு கிளிப்புகளையும் சுத்தம் செய்தோம். விளக்கிலேயே இருந்த கைவிசை எப்போதோ உடைந்துபோனதால், கதவு ஸ்விட்சுகளை நம்பியே விளக்கு இருந்தது.

இரண்டாவது பியூஸ். இவ்வகைப் பழைய கார்கள் பலவற்றில் ஹாரனுக்கும் கூரை விளக்குக்கும் ஒரே பியூஸ்தான். ஹாரனை அழுத்தினோம், நன்றாக ஒலித்தது. ஆகவே பியூஸ் சரி என்று நாங்கள் முடிவு கட்டினோம். “காதால் கேட்டது போதாது, கண்ணாலும் பாருங்கள்” என்றார் எலக்ட்ரீஷியன். பெட்டியைத் திறந்தால், பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய செம்புக் கம்பி இருந்தது!

மூன்றாவது, விளக்குக்கு மின்சாரம் வருகிறதா என்ற சோதனை. இரண்டு வயர்கள் கோத்த சிறு சோதனை பல்பின் ஒரு முனையைப் பெயிண்ட் இல்லாத இரும்பிலும், மறு முனையைக் கூரை விளக்குக்கு மின்சாரம் வரும் இடத்திலும் வைத்தோம். சோதனை பல்பு எரிந்தது. மின்சாரம் விளக்கு வரையில் வந்துவிட்டது. திரும்பிச் செல்லத்தான் வழியில்லை.

நான்காவது கதவு ஸ்விட்ச். அதன் வயரைக் கழற்றி, முனையைச் சுத்தமான இரும்பில் தொட்டவுடன் கூரை விளக்கு பளிச்சென்று எரிந்தது. குற்றவாளி அகப்பட்டது! பெயிண்ட் அடித்தபோது இரண்டு முன்கதவுகளின் ஸ்விட்சுகளையும் கழற்றாமல் மேலேயே அடித்திருக்கிறார்கள். ஸ்விட்சுக்கும் இரும்புக்கும் நடுவே பெயிண்ட் புகுந்து மின்சாரத்தைத் தடுத்துவிட்டது.

(இந்தச் சோதனையை ஸ்விட்ச் வயரில் மட்டுமே செய்யலாம். விளக்கைக் கடந்து வரும் வயர் அது. விளக்குக்கு முன்னால் உள்ள வயரை இரும்பில் தொட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகும்.)

பேட்டரியின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்விட்ச் உட்காரும் இடத்தையும் திருகையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினோம். செலவு ஓர் உப்புத்தாள்தான்.

செம்புக் கம்பியின் ஆபத்து

வேலை முடிந்ததென்று நாங்கள் மகிழ்ந்தபோது, ஆசிரியை ஒரு கணக்குப் போடச் சொன்னார். 6 வாட் பல்பு, 12 வோல்ட் பேட்டரி, மின்னோட்டம் எவ்வளவு? ஆறைப் பன்னிரண்டால் வகுத்தால் அரை ஆம்பியர். ஆனால் வயரின் மேலுறை தேய்ந்து செம்பு இரும்பில் பட்டுவிட்டால், அந்த மெல்லிய வயரில் பேட்டரி நூறு ஆம்பியருக்கு மேலும் பாய்ச்சக்கூடும். அப்போது பியூஸ் தான் உருகி வண்டியைக் காக்கும். செம்புக் கம்பியோ எளிதில் உருகாது. வயர்தான் பழுத்துத் தீப்பிடிக்கும். அந்த வயர் செல்வது கூரைத் துணிக்கு மேலே. துணிக்குக் கீழே, பின் இருக்கையில், பல குடும்பங்கள் நாள்கணக்காக நெய்த பட்டுச் சேலைகள்!

யார், எந்த அவசரத்தில் அந்தக் கம்பியை வைத்தார்கள் என்று தாத்தாவுக்கு நினைவில்லை. “இத்தனை வருஷமாக இதை வைத்துக்கொண்டா பட்டை ஏற்றிப் போனேன்?” என்று சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தாமே கடைக்குப் போய், உரிய அளவுள்ள பியூஸ் மூன்று வாங்கி வந்தார். ஒன்று மாட்டுவதற்கு, இரண்டு கைவசம் வைத்துக்கொள்ள.

தோழியரே, எரியாத விளக்கைத் தேடிப் போன நாங்கள், அதைவிடப் பெரிய பழுதைக் கண்டுபிடித்தோம். விளக்கு எரியாததை எல்லாரும் கண்டார்கள். ஹாரன் ஒலித்ததால் கம்பியை ஒருவரும் காணவில்லை. ஆகவே, வேலை செய்கிறது என்பதனாலேயே ஒன்று சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் வீட்டுப் பியூஸ் கட்டையிலும் யாராவது தடித்த கம்பியைச் சுற்றியிருக்கக்கூடும். நீங்கள் தொட வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லி, தகுந்த மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள்.

இப்பொழுது தாத்தா விடியுமுன் கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது. சேலைக் கட்டுகளோடு அவர் கால் பார்த்து இறங்குகிறார்.