ஜோர்ஜ் வொஷிங்டன்: அதிகாரத்தை இரு தடவை திருப்பிக் கொடுத்தவர்

மாணவர்களே, நெடுந்தீவுக்கு ‘டெல்ப்ட்’ என்று பெயரிட்டவர்கள் ஒல்லாந்தர். 1795 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிரித்தானியர் கைப்பற்றியதுடன் ஒல்லாந்தர் ஆட்சி இப்பகுதியில் முடிவுற்றது. இங்கு பிரித்தானியர் ஆட்சி தொடங்கிய அவ்வேளையில், அதே பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்ற ஐக்கிய அமெரிக்காவில் ஜோர்ஜ் வொஷிங்டன் ஜனாதிபதியாக இருந்தார். இவ்வாறு இணைத்துப் படித்தால் காலம் மனதில் நிற்கும்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1732 – வேர்ஜினியாவில் பிறப்பு
1775 – குடியேற்றங்களின் படைத் தளபதியாக நியமனம்
1776 – சுதந்திரப் பிரகடனம்
1783 – பாரிஸ் உடன்படிக்கை. தளபதிப் பதவியைத் துறத்தல்
1789 – முதலாவது ஜனாதிபதியாகப் பதவியேற்றல்
1797 – பதவியிலிருந்து விலகல்
1799 – மறைவு

பாட விளக்கம்

போரில் வென்ற தளபதி படைபலத்தால் ஆட்சியைப் பிடிப்பது வரலாற்றில் பல தடவை நடந்துள்ளது. வொஷிங்டன் அவ்வாறு செய்யவில்லை. 1783 டிசெம்பரில் தமது பதவியைக் காங்கிரஸ் சபையிடம் ஒப்படைத்து வீடு திரும்பினார். இது முதலாவது தடவை.

1789 இலும் 1792 இலும் தேர்வாளர்கள் அனைவரும் அவரையே ஜனாதிபதியாகத் தெரிவு செய்தனர். மூன்றாம் தடவை போட்டியிடுவதை அன்றைய சட்டம் தடுக்கவில்லை. எனினும் அவர் விலக, ஜோன் அடம்ஸ் ஜனாதிபதியானார். இது இரண்டாவது தடவை. இம்மரபை மீறி பிராங்ளின் ரூஸ்வெல்ற் நான்கு தடவை தெரிவானார். அதன் பின்னர் 1951 இல் இரு தடவை என்ற வரம்பு சட்டமாயிற்று.

அவரது குறையையும் அறிதல் வேண்டும். சுதந்திரத்துக்காகப் போரிட்ட அவர் தமது பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தார். தமக்குரிய அடிமைகளை விடுவிக்குமாறு மரண சாசனத்திலேயே எழுதினார்.

இலங்கையுடன் ஒப்பிடல்

1978 அரசியலமைப்பின்படி ஒருவர் இரு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவாக முடியாது. 2010 இல் 18 ஆவது திருத்தம் இவ்வரம்பை நீக்கியது. 2015 இல் 19 ஆவது திருத்தம் அதனை மீண்டும் கொண்டுவந்தது. நல்ல மரபு மட்டும் போதாது, அதற்குச் சட்டக் காவலும் வேண்டும் என்பதை இரு நாடுகளின் அனுபவமும் காட்டுகின்றது.

மாணவர் விடும் தவறுகள்

• 1776 இல் வொஷிங்டன் ஜனாதிபதியானார் என எழுதுதல். அது சுதந்திரப் பிரகடன ஆண்டு.
• பிரகடனத்தை அவரே வரைந்தார் என எழுதுதல். அதனை வரைந்தவர் தோமஸ் ஜெபர்சன்.

பயிற்சி வினாக்கள்

1. வொஷிங்டன் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்த இரு சந்தர்ப்பங்களையும் ஆண்டுடன் தருக.
2. இலங்கையில் ஜனாதிபதியின் பதவிக்கால வரம்பு மாற்றமடைந்த விதத்தை விளக்குக.
3. உமது ஊர்ச் சங்கமொன்றில் ஒருவரே நீண்ட காலம் தலைவராக இருப்பதால் ஏற்படும் நன்மைகள் இரண்டும் தீமைகள் இரண்டும் எழுதி, உமது முடிவைக் காரணத்துடன் கூறுக.