மன்றோ இருக்கட்டும், நீல் ஏன் கூடாது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சேரங்கோட்டில் மழை விட்டதா? கொழுந்து எடுக்கிற மும்முரத்திலும் மாமனுக்குக் கடிதம் எழுதினாயே, அதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். சென்னைக்கு வந்தவன் மெரினாவோடு திரும்பியிருப்பாய் என்று நினைத்தேன். நீயோ இரண்டு வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டு மடக்குகிறாய்: இருவருமே வெள்ளைக்காரத் தளபதிகள், மன்றோ தீவுத்திடல் பக்கம் கம்பீரமாகக் குதிரைமேல் இருக்க, நீல் மட்டும் ஏன் எழும்பூர் அருங்காட்சியகத்தில்?

கேள்வி சரி. ஆனால் மன்றோவின் குதிரைக்குச் சேணம் வைக்க மறந்த சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்று ஒரு கதையைச் சேர்த்திருக்கிறாயே, எந்த ஆட்டோக்காரர் சொன்னது? அந்தச் சிற்பி சாண்ட்ரி எதையும் மறக்கவில்லையப்பா. லண்டனில் அவர் வடித்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைக்கும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. அவருடைய கை அப்படி. கேட்டதையெல்லாம் நம்பாதே.

நீலுக்கு வருவோம். 1857 சிப்பாய்க் கலகத்தின்போது, ஜூலையில், கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள்; கொடுமைதான். அதற்குப் பழிவாங்க, பிடிபட்டவர்களைத் தூக்கிலிடுமுன் ரத்தம் உறைந்த தரையை நாக்கால் நக்க வைத்தவர் நீல். இப்படி உத்தரவிட்டதைப் பெருமையாக எழுதியும் வைத்தார். அவருக்குத்தான் 1861இல் மவுண்ட் ரோட்டில் சிலை.

"போரென்றால் அப்படித்தான்" என்பாய். போர்க்களத்தில் எதிர்த்து நின்றவனையா அவர் அப்படிச் செய்தார்? கைகட்டி நின்ற கைதியை! மன்றோவும் ஹைதரோடும் திப்புவோடும் போரிட்டவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜமீன்தாரை நடுவில் விடாமல் குடியானவனோடு நேரே வரிக்கணக்குப் பேசிய ரயத்துவாரி முறையை ஊன்றியவரும் அவர்தான். கவர்னராகச் சுற்றுப்பயணம் போன இடத்தில், 1827இல், காலராவில் இறந்தார். வரி கடுமைதான். ஆனாலும் அவர்மேல் ஜனங்களுக்கு இருந்த மனசு வேறு.

அந்தச் சிலையை அகற்றக் கோரி 1927இல் காங்கிரஸ்காரர் சோமயாஜுலு தலைமையில் நீல் சிலை சத்தியாக்கிரகம் தொடங்கியது. சுத்தியலோடு போன தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். அகிம்சையாக நடக்கட்டும் என்று சொல்லி காந்தி ஆதரித்தார். இளைஞர் காமராஜும் அதில் இறங்கினார். ஆனாலும் சிலை அசைய 1937இல் ராஜாஜி அமைச்சரவை வரவேண்டியிருந்தது.

"சிலையை எடுத்தால் வரலாறு அழியாதா?" என்று அடுத்த கடிதத்தில் கேட்கத்தான் போகிறாய். அழிந்திருந்தால் நீ எங்கே பார்த்தாய், ராஜா? நடுத்தெருவில் நிறுத்துவது மரியாதை. அந்த மரியாதையைத்தான் பறித்தார்கள்.

உனக்கு ஒரு தளபதி சிலை வேண்டுமானால் நம் மலையிலேயே இருக்கிறது. 1971 பாகிஸ்தான் போரில் 93,000 பேர் கைதானபோது, அவர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்பதில் உறுதியாக நின்ற மானெக்‌ஷா, கடைசிக் காலத்தைக் குன்னூரில்தான் கழித்தார். ஊட்டி-குன்னூர் சாலையில், வெலிங்டனில், 2014இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எழுதாதே. இறங்கி, கிட்டே போய்ப் பார். அதையும் வெண்கலம் என்று எழுதித் தொலைக்காதே, அது கருங்கல்.

அன்புடன்,
மாமா