நம்பிக்கைகளும் உண்மைகளும்: இயங்கலையில் வரிப் பாடம்

நம்பிக்கை: மாணவர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அது நல்ல வகுப்பு.

உண்மை: மனநிறைவு வேறு, கற்றல் வேறு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. தாங்களே கணக்குகளைப் போட்டுப் பார்த்த மாணவர்கள்தாம் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கே நிறையக் கற்றுக்கொண்ட எண்ணம் இருந்தது.

வரிப் பாடத்தில் இந்த வேறுபாடு நம் பணத்தையே தொடுகிறது. மலேசியாவில் தனிநபர்களுக்கு 2004 முதல் சுய மதிப்பீட்டு முறைதான். வருமானத்தைக் கூட்டுவது, கழிவுகளைக் கழிப்பது, ரசீதுகளை ஏழு ஆண்டு பத்திரப்படுத்துவது எல்லாம் நம் பொறுப்பு. தவறாகக் கணக்குக் காட்டினால் அபராதமும் நமக்குத்தான். ஆகவே, சித்தியவானில் இருந்துகொண்டு ஒரு வகுப்பில் சேர விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: முதலாளி தரும் சம்பள விவரமான இஏ பாரத்தின் மாதிரி ஒன்றைக் கொடுத்து, அதைப் பார்த்து வருமான வரித் தாக்கலுக்கான பிஇ பாரத்தை நிரப்பச் சொல்லி, பிழைகளைத் திருத்தித் தருவார்களா?

நம்பிக்கை: பாடக் காணொளியை ஒருமுறை வாங்கினால் போதும், காலத்துக்கும் உதவும்.

உண்மை: வரிக்கழிவுகள் வரவு செலவுத் திட்டத்தோடு மாறுபவை. உடற்பயிற்சிக்கூடக் கட்டணம் 2023 மதிப்பீட்டு ஆண்டில் 2,500 ரிங்கிட் வாழ்க்கைமுறைக் கழிவுக்குள் இருந்தது. 2024-இல் அது 1,000 ரிங்கிட் விளையாட்டுக் கழிவுக்குப் போய்விட்டது. பழைய காணொளியை நம்பினால் தவறான கட்டத்தில்தான் தொகையை எழுதுவோம்.

நம்பிக்கை: இயங்கலைப் படிப்பு மட்டமானது.

உண்மை: அப்படியில்லை. அமெரிக்கக் கல்வித்துறை 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இயங்கலை மாணவர்கள் சராசரியாகச் சற்று நன்றாகவே செய்திருந்தார்கள். நேரடி வகுப்பும் சேர்ந்தபோது பலன் கூடியது. வேலை முடிந்து ஈப்போ வரை காரோட்ட முடியாதவருக்கு இது பெரிய வாய்ப்பு.

நம்பிக்கை: சான்றிதழ் கையில் இருந்தால் காசு வாங்கிக்கொண்டு பிறருக்கு வரி தாக்கல் செய்யலாம்.

உண்மை: கூடாது. 1967 வருமான வரிச் சட்டத்தின் 153-ஆம் பிரிவின்படி, வரி முகவராகச் செயல்பட அங்கீகாரம் வேண்டும். அந்த உரிமத்தைத் தருவது நிதியமைச்சு.

படித்ததை முதலில் உங்கள் சொந்தப் பாரத்தில் போட்டுப் பாருங்கள். சம்பளக்காரருக்கு பிஇ பாரத்தின் கெடு ஏப்ரல் 30. வரியை இயங்கலையில் தாக்கல் செய்யும் மைடாக்ஸ் தளத்தின் கடவுச்சொல்லை மட்டும், தெரிந்த பிள்ளைதானே என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.